ஒட்டாத டீமைச் சரிசெய்வது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்ற லீடுகளுக்கு

நீங்கள் கேள்வி கேட்டால் எல்லோரும் லேப்டாப்பைப் பார்க்கிறார்கள். மீட்டிங் முடிந்ததும் வெளியே இரண்டிரண்டு பேராக நின்று பேசுகிறார்கள். வேலை தாமதமானால், "அவங்க எனக்கு இன்னும் அனுப்பவே இல்லை" என்ற பதில் தயாராக இருக்கிறது. இப்படி ஒரு டீம் உங்கள் கைக்கு வந்திருந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன். எட்டுப் பேர் கொண்ட அப்படி ஒரு டீமை நானும் ஏற்று நடத்தியிருக்கிறேன்.

படி 1: ஆளை மாற்றும் யோசனையை ஒத்திப்போடுங்கள்

"இந்த ரெண்டு பேரைத் தூக்கிட்டா எல்லாம் சரியாகிடும்" என்று முதல் வாரமே யாராவது வந்து சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உடனே எதுவும் செய்யாதீர்கள்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த கார் தொழிற்சாலை 1982-ல் மூடப்பட்டது. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் ஓயாத சண்டை. சுமார் 20 சதவீதம் பேர் வேலைக்கே வராத நிலை. 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக, நும்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன. வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை. தொழிற்சங்கமும் அதேதான். ஆனால் வேலைக்கு வராதவர்களின் விகிதம் சில சதவீதமாகக் குறைந்தது, கார்களின் தரமும் உயர்ந்தது.

மாறியது வேலை நடந்த விதம். முன்பு என்ன ஆனாலும் அசெம்பிளி லைன் நிற்கக்கூடாது. குறை தெரிந்தாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்கும். புதிய ஏற்பாட்டில் குறையைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே ஒருவர் உதவிக்கு ஓடி வருவார். தீராவிட்டால் லைனே நிற்கும். உங்கள் டீமில் அந்தக் கயிறு இருக்கிறதா, இழுத்தவருக்கு உதவி கிடைக்கிறதா அல்லது திட்டு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு 45 நிமிடம். முதல் இரண்டு வாரத்தில் எல்லோரிடமும் பேசி முடித்துவிடுங்கள்.

"பிரச்சினை யாரால் வருது?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் பெயர்கள்தான் கிடைக்கும், அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. நான் மூன்று கேள்விகள் கேட்பேன். போன மாதம் உங்கள் வேலை எந்த இடத்தில் நின்றது? யாரிடமிருந்து என்ன வராமல் காத்திருந்தீர்கள்? என் இடத்தில் நீங்கள் இருந்தால் முதலில் எதைச் சரிசெய்வீர்கள்?

அப்புறம், பேசாமல் இருங்கள். அமைதி சங்கடமாக இருந்தாலும் நீங்களாக அதை நிரப்பாதீர்கள். என் டீமில் ஒருவர் 40 நிமிடமும் "எல்லாம் ஓகே சார்" என்றே சொன்னார். எழுந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்தவர், திரும்பி, "இன்னொண்ணு சார்... அந்த வார ரிப்போர்ட்டை நான் ரெண்டு தடவை செய்றேன்" என்றார். இரண்டு சீனியர்களுக்கு இரண்டு வடிவம் வேண்டுமாம். இரண்டு பேருமே மற்றவருடையதை ஏற்கமாட்டார்களாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவு வரை உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு சீனியர்களும் அவரை மந்தமானவர் என்று என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

கேட்டதை நோட்டில் எழுதும்போது யார் சொன்னார் என்பதை விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். தனியாகச் சொன்ன ஒரு விஷயம் மீட்டிங்கில் பெயரோடு வெளிவந்தால், அதோடு யாரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள்.

படி 3: ஒரு சின்னத் தொல்லையை உடனே தீர்த்துவையுங்கள்

பெரிய திட்டம் எல்லாம் இப்போது வேண்டாம். அந்த இரண்டு சீனியர்களையும் உட்காரவைத்து, ஒரே ரிப்போர்ட் வடிவத்தை அரை மணி நேரத்தில் முடிவு செய்தோம். சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை டீமுக்கு அங்கேதான் வந்தது.

படி 4: ஒரு வேலைக்கு ஒரு பெயர்

நடந்துகொண்டிருக்கும் வேலைகளை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயரைப் போடுங்கள். இரண்டு பெயர் இருந்தால் அந்த வேலைக்கு ஆளே இல்லை என்று அர்த்தம். பட்டியல் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

படி 5: கெட்ட செய்தி வரும்போது உங்கள் முகத்தைக் கவனியுங்கள்

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனை டீம்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் டீம்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அவர்களிடம்தான் அதிகமாக இருந்தன. மற்றவர்கள் மறைத்ததை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம்.

அதனால் ஒருவர் வந்து, "டெட்லைன் தவறிடும்போல" என்று சொன்னால், "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நல்ல வேளை, இப்பவே சொன்னீங்க. இப்போ என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். உங்கள் தவறையும் மீட்டிங்கில் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

படி 6: அப்புறமும் மாறாதவரிடம் நேராகப் பேசுங்கள்

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் மற்றவர்களைக் காயப்படுத்திக்கொண்டே இருக்கலாம். அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கண்டும் காணாமல் விடாதீர்கள், மொத்த டீமும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தனியறையில், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "உங்க ஆட்டிட்யூட் சரியில்லை" என்றால் வாக்குவாதம்தான் வரும். "நேத்து மீட்டிங்ல அவர் பேசும்போது மூணு தடவை குறுக்கே பேசினீங்க. அதுக்கப்புறம் அவர் வாயே திறக்கலை" என்றால் மறுக்க முடியாது. என்ன மாற வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று பேசி, எழுதியும் வையுங்கள். அந்தத் தேதியிலும் மாற்றம் இல்லையென்றால் ஹெச்ஆரோடு பேசி, அவரை டீமிலிருந்து மாற்றும் முடிவை எடுக்கலாம்.

பாலியல் தொல்லை, மிரட்டல் போன்றவற்றுக்கு இந்த அவகாசம் கிடையாது. தெரிந்த அன்றே முறையான புகாருக்குக் கொண்டுபோங்கள்.

படி 7: மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்

அதே மூன்று கேள்விகள், அதே 45 நிமிடம். பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே தொல்லைகள் திரும்ப வந்தால், படி 3-க்குப் போய் அடுத்த ஒன்றை எடுங்கள். புதிய தொல்லைகளைச் சொன்னால் சந்தோஷப்படுங்கள், முன்பு உங்களிடம் சொல்லத் தயங்கியதை இப்போது சொல்கிறார்கள். கதவருகே போய்த் திரும்பி "இன்னொண்ணு சார்" என்று தொடங்கிய அதே ஆள், இரண்டாவது முறை உட்கார்ந்ததுமே பேச ஆரம்பித்துவிட்டார்.