‘டவுட்’டுன்னு வாயெடுக்கறதுக்கு முன்னாடி: சந்தேகத்த நாலா பிரிக்கறது எப்படி

ஸ்கூல்ல கையத் தூக்கின நாள்ல இருந்து "ஐ ஹேவ் எ டவுட்"னு எத்தன ஆயிரம் தடவ சொல்லிருப்பேன்னு கணக்கே இல்ல. நாலு வருஷம் முன்னாடி ஒரு வெளிநாட்டு கிளையன்ட் கால், அந்தம்மா அவங்க டிசைன விளக்கி முடிச்சதும் நான் ரொம்ப பவ்யமா "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிசைன்"னு ஆரம்பிச்சேன். நான் கேக்க வந்தது ஒரு பட்டன் மேல வருமா கீழ வருமான்னு, அவ்ளோதான். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் பத்து நிமிஷம் அந்தம்மா டிசைன் ஏன் சரின்னு வக்கீல் மாதிரி வாதாடினாங்க, எனக்கு என்ன நடக்குதுன்னே புரியல, பட்டன் மேட்டர் அப்படியே போச்சு. கால் முடிஞ்சதும் டீம் லீட் கூப்பிட்டு, "ஏம்ப்பா, உங்க டிசைன் மேல எனக்கு நம்பிக்கையில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டியே"ன்னாரு.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து நோண்டினதுதான் இந்த போஸ்ட்.

ஒண்ணு மொதல்ல சொல்லிடறேன். நம்ம ஊர்ல டவுட்டுன்னா கேள்வி, அது தப்பில்ல. கோச்சிங் சென்டர் வாசல்ல டவுட் கிளியரிங் கிளாஸ்னு போர்டு இருக்கு, எல்லாருக்கும் புரியுது, அத யாரும் திருத்தப் போக வேணாம். வெளிய இருக்கறவங்ககிட்ட பேசும்போதும் பரிட்சை எழுதும்போதும்தான் சிக்கல்.

ஸ்டெப் 1: தமிழ்ல நெனைங்க, சந்தேகத்த தூக்குங்க

சொல்ல வந்தத தமிழ்ல ஒரு வரி எழுதுங்க. அதுல சந்தேகம்ங்கற வார்த்தைய எடுத்துட்டு அந்த எடத்துல வேற என்ன தமிழ் போட்டா அர்த்தம் கெடாம நிக்குதுன்னு பாருங்க. எது நிக்குதோ அதுக்குத் தகுந்த இங்கிலீஷ் வார்த்தைய எடுங்க. டிரிக்கே இதுதான், மத்ததெல்லாம் விவரம்.

ஸ்டெப் 2: கேள்வி

"சார், இந்தக் கணக்குல ஒரு சந்தேகம்." சந்தேகம்னு இருக்கற எடத்துல கேள்வின்னு போட்டா கச்சிதமா உக்காருது. அப்ப அது க்வெஸ்சன், "ஐ ஹேவ் எ க்வெஸ்சன்"னு சொன்னா போதும். க்வெரின்னும் சொல்லலாம், ஆனா அதுல கொஞ்சம் ஆபீஸ் வாசன வரும், கஸ்டமர் கேர் மெயில் மாதிரி. பேச்சுல நான் அத தொடறதே இல்ல.

ஸ்டெப் 3: நம்பிக்கையில்ல, இல்லன்னா செஞ்சிருப்பான்

என்ன ரொம்ப நாள் அலைய விட்டது இதுதான், கொஞ்சம் மெதுவா படிங்க.

"அவன் வருவானான்னு சந்தேகம்தான்." இதுக்கு வரமாட்டான்னு தோணுதுன்னு அர்த்தம். நம்பிக்கையில்லங்கற எடம், இதுதான் அசல் டவுட்.

"அவன் மேலதான் எனக்கு சந்தேகம்." இதுக்கு அவன்தான் செஞ்சிருப்பான்னு தோணுதுன்னு அர்த்தம். இது சஸ்பிஷன், டவுட் கிடையாது.

ரெண்டும் நேரெதிர். டவுட்டுன்னா மனசு இல்லங்கற பக்கம் சாயுது, சஸ்பிஷன்னா ஆமாங்கற பக்கம் சாயுது. நாம "ஐ டவுட் ஹி டுக் த மணி"னு சொல்லி அவன மாட்டி விட்டுட்டதா நெனைப்போம், கேக்கறவன் காதுல விழறது "அவன் எடுத்திருக்க மாட்டான்பா"ன்னு. திருடன நாமளே காப்பாத்தி விட்டுருப்போம்.

இது மண்டையில நிக்க எனக்கு உதவினது நம்ம தமிழ் பேப்பர்தான். "சந்தேகத்தின் பேரில் கைது"ன்னு ஒரு நாள் செய்தி வரும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அதே ஆளப் பத்தி "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை"ன்னு வரும். மொதல்ல வந்தது சஸ்பிஷன், ரெண்டாவது பெனிஃபிட் ஆஃப் த டவுட். ஒரே சந்தேகம்தான், உள்ள தள்ளினதும் அது, வெளிய விட்டதும் அது. கிரிக்கெட்ல அம்பயர் அவுட்டா இல்லையான்னு உறுதியா தெரியாதப்ப பேட்ஸ்மேனுக்கு விட்டுக்கொடுக்கறதும் இந்த ரெண்டாவது சந்தேகத்துலதான்.

ஸ்டெப் 4: உறுத்தல், தயக்கம்

"இந்த வீட்ட வாங்கறதுல எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு." கேள்வியும் இல்ல, யார் மேலயும் பழியும் இல்ல, மனசுல ஒரு நெருடல். இதுக்கு மிஸ்கிவிங்ஸ் போடலாம், பெரும்பாலும் பன்மையிலதான் வரும். ஆபீஸ்ல மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லாம "எனக்கு முழு சம்மதம் இல்ல"ன்னு சொல்லணும்னா "ஐ ஹேவ் சம் ரிசர்வேஷன்ஸ்". ரயில் டிக்கெட் ஞாபகம் வரும், சிரிக்காம சொல்லுங்க. மனசாட்சி உறுத்தறதுக்கு குவாம்ஸ், அதுல எல் எழுத்து சத்தம் வராது, பெரும்பாலும் உறுத்தல் இல்லன்னு சொல்றதுக்குத்தான் வரும்.

ஸ்டெப் 5: ஒட்டு

டவுட் இன், டவுட் ஆன் ரெண்டையும் விடுங்க, டவுட் அபௌட் போடுங்க, முக்காவாசி எடத்துல தப்பிச்சுக்கலாம். "ஐ ஹேவ் மை டவுட்ஸ்"னு பன்மையில சொன்னா "எனக்கென்னமோ நம்பிக்கையில்ல"ன்னு அர்த்தம், அதுக்கப்புறம் கேள்வி கேக்கப் போறீங்கன்னு யாரும் காத்திருக்க மாட்டாங்க.

ஸ்டெப் 6: சரிபாருங்க

ஒரே மாதிரி அர்த்தம் வர்ற வார்த்தைகள அடுக்கிக் காட்டற தெசாரஸ் சைட்டுக்கு மட்டும் ஆரம்பத்துல போகாதீங்க. அங்க சஸ்பிஷன், மிஸ்கிவிங், அன்சர்ட்டன்ட்டி எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டி வெச்சிருப்பான், எது எங்க போகும்னு சொல்ல மாட்டான். இங்கிலீஷ் தமிழ் டிக்‌ஷனரி ஆப்பும் வேணாம், எல்லாத்துக்கும் சந்தேகம், ஐயம்னே காட்டும், நமக்கு பிரச்சனையே அங்கதான ஆரம்பிச்சுது. என் ஓட்டு ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரிக்கு. அப்புறம் ஸ்கெல்னு ஒரு ஃப்ரீ சைட் இருக்கு, ஸ்கெட்ச் எஞ்சின்ங்கற மொழி ஆராய்ச்சி சாஃப்ட்வேர்காரங்களோடது, வார்த்தைய தட்டி வேர்ட் ஸ்கெட்ச் போனா அதோட பக்கத்துல வழக்கமா எந்தெந்த வார்த்தை உக்காருதுன்னு காட்டும்.

நோண்டும்போது இன்னொண்ணு கிடைச்சுது. டவுட்டோட லத்தீன் வேர் டுபிடாரே, அதுக்குள்ள ரெண்டுங்கற வார்த்த ஒளிஞ்சிருக்கு. ஜெர்மன்ல சந்தேகத்துக்கு ட்ஸ்வைஃபல், அதுலயும் ரெண்டு. நாம என்ன சொல்றோம்? "ரெண்டு மனசா இருக்கு". வீடு வாங்கப் போய் வாசல்ல நிக்கறவனுக்கு எல்லா ஊர்லயும் ரெண்டு மனசுதான் போல.

டவுட் ஸ்பெல்லிங்ல சத்தம் வராத அந்த பி எழுத்து ஏன் சும்மா உக்காந்திருக்குன்னா, பிரெஞ்சு வழியா வந்தப்ப அது கிடையாது, டவுட்ட பி இல்லாமதான் எழுதினாங்க. பின்னாடி லத்தீன் படிச்சவங்க மூலச் சொல்லுல இருக்கேன்னு கொண்டு வந்து சொருகினாங்க, வாய் மட்டும் மாறல. கடனுக்கு டெட்டுன்னு சொல்றோமே, அதுல இருக்கற பியும் இதே கேஸ்.

அப்டேட் 1: கமென்ட்ல ஒருத்தர் நோ டவுட் பத்தி கேட்டிருந்தார், நான் விட்டுட்டேன். "நோ டவுட் ஹி வில் கம்"னா சத்தியம் பண்ற மாதிரி தெரியும், ஆனா உள்ள இருக்கறது "வருவார்னுதான் நெனைக்கிறேன்"ங்கற அளவுதான். அடிச்சு சொல்லணும்னா "தேர் இஸ் நோ டவுட்" இல்லன்னா "வித்தவுட் எ டவுட்".

அப்டேட் 2: டவுட்டிங் தாமஸ்னா யாருன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. எதையும் கண்ணால பாத்தாத்தான் நம்புவேங்கற ஆளு. இயேசு உயிர்த்தெழுந்தத காயத்த தொட்டுப் பாக்காம நம்ப மாட்டேன்னு சொன்ன சீடர் தோமாதான் அந்த ஆளு. அவர் இங்க வந்து உயிர விட்டார்னு மரபா சொல்ற எடம் சென்னை பரங்கிமலை, அதான் அதுக்கு செயின்ட் தாமஸ் மவுன்ட்னு பேர். மெட்ரோ டிக்கெட் எடுக்கும்போது பாருங்க.

அப்டேட் 3: ஸ்காட்லாந்துல வேல பாக்கற ஒரு அண்ணன் எழுதினது என் ஸ்டெப் 3ஐயே ஆட்டிருச்சு. அங்க "ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெய்ன்"னு சொன்னா மழை வரும்போலங்கற அர்த்தமாம். தேடிப் பாத்தேன், உண்மைதான், ஸ்காட்ஸ் பேச்சுல இன்னும் இருக்கு, பழைய இங்கிலீஷ்லயும் பயப்படறேன், அப்படித்தான் இருக்கும்போலங்கற அர்த்தம் இருந்திருக்கு. அதனால அந்தப் பக்கம் போறவங்க யாராவது அப்படி சொன்னா குடைய எடுத்துக்கோங்க.