ரத்தப் பை: எந்தக் கரைசல், எத்தனை நாள், எங்கே கெடும்

பையில் உள்ள சிட்ரேட் ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறைவதில்லை. செல்களை உயிரோடு வைப்பது மற்றவற்றின் வேலை: டெக்ஸ்ட்ரோஸ் உணவு, பாஸ்பேட் அமிலத்தைத் தாங்கும், அடினைன் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) குறையாமல் காக்கும். அடினைன் இல்லாத ஏசிடி (சிட்ரிக் அமிலம், சிட்ரேட், டெக்ஸ்ட்ரோஸ்), சிபிடி (சிட்ரேட், பாஸ்பேட், டெக்ஸ்ட்ரோஸ்) கரைசல்கள் இரண்டிலும் ரத்தம் 21 நாள்தான் தாங்கும். அடினைனும் சேர்ந்த சிபிடிஏ-1 பையில் 35. ஹெப்பாரினும் உறையவிடாது, ஆனால் செல்லுக்கு உணவு தராது, சேமிப்புக்கு ஆகாது.

முழு ரத்தமாகவே கொடுப்பதென்றால் சிபிடிஏ-1 போதும். சிவப்பணு, பிளாஸ்மா எனப் பிரித்துக் கொடுக்கும் வங்கிக்கு சிபிடியும் எஸ்ஏஜிஎம்மும் (உப்பு, அடினைன், குளுக்கோஸ், மானிட்டால் கரைசல்) சேர்ந்த மூன்று பைத் தொகுதியே நல்லது. பிளாஸ்மாவை எடுத்ததும் துணைப் பையின் எஸ்ஏஜிஎம்மைச் சிவப்பணுக்களோடு சேர்த்தால் 42 நாள் தாங்கும். அதிலுள்ள மானிட்டால் செல் உடைவதைக் குறைக்கிறது. சிபிடிஏ-1 பையில் பிளாஸ்மாவை ஒட்டப் பிழியாதீர்கள். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 80 சதவீதத்தைத் தாண்டினால் செல்லுக்குச் சர்க்கரை மிஞ்சாது.

ஆனால் நல்ல கரைசலைக் கெடுப்பது பெரும்பாலும் அளவுதான். 100 மில்லி ரத்தத்துக்கு 14 மில்லி சிபிடி அல்லது சிபிடிஏ-1 கரைசல்: 350 மில்லி பையில் 49, 450 மில்லி பையில் 63. 350 மில்லி பையில் கொடையாளருக்கு மயக்கம் வந்து 200 மில்லியில் நிறுத்தினால் விகிதம் 100-க்கு 24.5 ஆகிவிடும், மிஞ்சிய அமிலமும் சிட்ரேட்டும் செல்லைப் பாதிக்கும். ரத்தம் அளவு மீறினால் கட்டி விழும். எனவே கண்ணளவு வேண்டாம், தராசு வேண்டும். 1 மில்லி ரத்தம் ஏறத்தாழ 1.05 கிராம், 350 மில்லிக்கு 368 கிராம், அதோடு கரைசலுள்ள வெற்றுப் பையின் எடை. பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்.

ரத்தம் இறங்கத் தொடங்கியதும் பையைக் குலுக்கும் கருவி ஓட வேண்டும். கருவி இல்லையென்றால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை பையை மெதுவாகப் புரட்டுங்கள். உதறினால் செல் உடையும். முடிந்ததும் குழாயில் நிற்கும் ரத்தத்தை ஸ்ட்ரிப்பரால் (குழாயை அழுத்தி வழிக்கும் கருவி) பைக்குள் தள்ளி, கலந்து, திரும்ப வரவிடுங்கள். இரண்டு மூன்று முறை. இதை விட்டால் குழாய்த் துண்டில் கட்டி தட்டி, கிராஸ்மேட்ச் (நோயாளியின் ரத்தத்தோடு பொருத்தம் பார்த்தல்) அன்று தவிக்க வேண்டிவரும். சேகரிப்பு 15 நிமிடத்தைத் தாண்டிய பையிலிருந்து பிளேட்லெட் எடுக்காதீர்கள்.

பிளேட்லெட்டுக்கான பை பிரிக்கும்வரை 20–24 டிகிரியில். மற்றது 2–6 டிகிரி ஃப்ரிட்ஜில். எந்தக் கரைசலானாலும் 2,3-டிபிஜி (சிவப்பணு திசுக்களுக்கு ஆக்சிஜனை விட உதவும் பொருள்) இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்து, பிளாஸ்மாவில் பொட்டாசியம் ஏறும். பச்சிளங்குழந்தைக்கு நிறைய ரத்தம் ஏற்றும்போது புதிய பையைத் தேடுவது அதனால்தான். மூடிய தொகுப்பைத் திறந்துவிட்டால் லேபிளில் 42 நாள் இருந்தாலும் 24 மணி நேரமே.