பியானோ கச்சேரிக்கு இடப்பக்க ஆசனம்

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்கு ஓர்கெஸ்ட்ரா கேட்கப் போகிறீர்களா? பியானோ கொன்சேர்ட்டோ (பியானோவை முன்னிறுத்தி ஓர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இருந்தால், மேடையைப் பார்த்தபடி இடப்பக்கமாக, நாலைந்து வரிசை தள்ளி ரிக்கெற் எடுங்கள். நடு ஆசனத்தை விட ஓர ஆசனம் மலிவு என்றால் காசும் மிச்சம்.

பியானோவின் மூடி சபையை நோக்கித் திறக்க வேண்டும் என்பதால், வாசிப்பவர் வழக்கமாக இடப்பக்கத்தில்தான் இருப்பார். வலது தோள் நம் பக்கம். இடப்பக்கம் இருந்தால் கைகள் தெரியும், வலப்பக்கம் இருந்தால் முகம் மட்டும்தான். நோர்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1868இல் எழுதிய ஏ மைனர் கொன்சேர்ட்டோவில், முரசு உருண்டு முடிந்ததும் கைகள் மேல் சுருதியிலிருந்து அடிவரை அருவி மாதிரி இறங்கும். அதைக் கண்ணால் பார்க்காமல் வரக்கூடாது! முதல் வரிசை மட்டும் வேண்டாம், ஒலி தலைக்கு மேலால் போய்விடும்.

இடைவேளைக்குப் பிறகு வரும் சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா முழுவதுக்குமான படைப்பு, அதற்கு இந்தக் கணக்கு இல்லை. அதற்கு நடுப்பகுதிதான் நல்லது, வெற்று ஆசனம் இருந்தால் கேட்டு மாறுங்கள். பியானோக்காரரே ஓர்கெஸ்ட்ராவையும் நடத்தும் கச்சேரிகளில் அவர் சபைக்கு முதுகு காட்டி இருப்பதுண்டு. அப்போதும் இது சரிவராது.