புது மெஷினுக்கு முன்னால்: பட்டறையின் அடுத்த வருடத் திட்டம்

திருச்சி துவாக்குடியில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறை, அதாவது இரும்புத் தகடு, குழாய்களை வெட்டி வெல்டு செய்து பொருளாக்கும் பட்டறை, என்னுடையது. ஒவ்வொரு மார்ச்சிலும் அடுத்த வருடத்துக்கு நான் திட்டம் போடுவது இப்படித்தான்.

முதலில் ஒரு வாரம் ஷெட்டில் நின்று, வேலை எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். போன வருடம் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் தகடு வெட்டும் சிஎன்சி கட்டிங் மெஷின் வாங்கத் துடித்தேன். பார்த்தால், வெட்டிய தகடுகள் ஃபிட்டிங்குக்காக, அதாவது வெல்டுக்கு முன் அளவாகப் பொருத்துவதற்காக, நான்கு நாள் அடுக்கிக் கிடந்தன. இன்னும் வேகமாக வெட்டினால் குவியல்தான் பெருகியிருக்கும். அந்தப் பணத்தில் ஒரு ஃபிட்டரைச் சேர்த்தேன், இரண்டு வெல்டர்களை 6ஜி தேர்வுக்குத் தயார் செய்தேன். 45 டிகிரி சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றி வெல்டு போடும் தேர்வு அது. பைப்பிங் வேலை கேட்டுப் போனால் முதலில் விசாரிப்பது அதைத்தான். அந்த இரண்டு பையன்களும் தேறிய நாளில் எனக்கு வந்த சந்தோஷம் எந்த மெஷினும் தந்ததில்லை.

அப்புறம் கழிவு. 2500க்கு 1250 மி.மீ. அளவில், 10 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடு ஏறக்குறைய 245 கிலோ. பத்து சதவீதம் வீணானால் 24 கிலோவுக்கு மேல் ஸ்கிராப் விலைக்குப் போகிறது. மீதித் துண்டுகளை அடுத்த வேலைக்கு எடுக்க வசதியாக, அவற்றில் தடிமனையும் ஹீட் நம்பரையும் (எந்த உருக்கில் வந்த தகடு என்று ஆலை தரும் எண்) எழுதி வையுங்கள்.

வரவும் முக்கியம். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற சிறு பட்டறைக்கு, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். பதிவு எண்ணை பில்லிலேயே அச்சிடுங்கள். பணத்தை இழுத்தடிக்கும் வாடிக்கையாளரை நம்பிப் புது ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.