உறைபனிக் காலத்தில் எமரால்டில் தூண்டில்

ஜனவரியில் நீலகிரியின் எமரால்டு அணையில் விடிகாலை தூண்டில் போட்டால் தக்கை அசையவே அசையாது. தண்ணீர் சில்லிட்டால் மீனுக்குச் செரிமானம் மந்தமாகிவிடும், இரை தேடி அலையாது. அதனால் வெயில் ஏறி, கரைப்புல்லில் உறைபனி கரைந்த பிறகுதான் போகிறேன். தங்கூசியில் (தூண்டிலின் நைலான் நரம்பில்) ஈயக்குண்டு ஏற்றி, மண்புழுவை அடிமட்டத்துக்கே இறக்கிவிடுவேன். கெண்டை வெடுக்கென்று இழுக்காது. தக்கை லேசாகச் சாயும், அவ்வளவுதான். அப்போதே தூண்டிலைச் சுண்டி இழுக்க வேண்டும்.

விரல் மரத்துப்போவதுதான் பெரிய தொல்லை, முள்ளில் புழு கோக்கவே வராது. நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போட்டதும் அது தீர்ந்தது. உள்ளே பருத்திச் சட்டை மட்டும் வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். பனி படிந்த பாறை வழுக்கும், தனியாகப் போகாதீர்கள். வெயில் இறங்கினால் சுருட்டிவிடுவேன்; உடம்பு நடுங்க ஆரம்பித்தால் அதற்கும் முன்பே.