சனி, ஞாயிறு தோட்டத்து வீட்டில்: யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வருகிற மூன்று கிழமை லீவில் கலியாணவீடு, கோயில், கொழும்பு எல்லாம் போக, ஊரில் அம்மா அப்பாவோடு நிற்கப் பலருக்குக் கிடைப்பது ஒரு சனி ஞாயிறுதான். உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலிப் பக்கம் செம்மண் தோட்டமும் கிணறுமாக இருக்கிற வீடென்றால், பஸ்ஸுக்கு ரிக்கற் போட முதல் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: இறைப்பு எப்ப? வெங்காயம் நிற்கிற காலத்தில் மழை இல்லையென்றால் மூன்று நாலு நாளுக்கொருக்கால் தண்ணி விட வேண்டும். இறைப்பு நாளில் விடிய ஆறு மணி தொடக்கம் பத்து மணி வரை மனுசன் தோட்டத்தை விட்டு அசையமாட்டார். டொக்டரிடம் போகிறது, சொந்தக்காரர் வீடு பார்க்கிறது எல்லாம் பின்னேரத்துக்கு.

கொழும்பு வெள்ளவத்தையில் வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனி விடியப்புறம் யாழ்ப்பாணம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். “ஐந்து மணிக்கு வாறம்” என்று சொன்னால் அம்மா மூன்று மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவா. ஏழு மணி என்று சொல்லுங்கள். வரும் வழியில் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் அவவுக்கு முதலில் கோபம் வரும், பிறகு ஆறும்.

சாமான்களில் கவனிக்க வேண்டியது மின்சாரம். இலங்கையில் 230 வோல்ட். கனடாவில் 120 வோல்ட்டுக்கென்று செய்த ஹீற்றிங் பாட், மசாஜ் மெசின் இங்கே செருகின கையோடு கருகும். பிரஷர் பார்க்கிற மெசின் பற்றரியில் ஓடுவதாக எடுங்கள். கைப்பட்டி அம்மாவின் மேற்கைக்கு அளவா என்று முதலே பாருங்கள். சின்னப் பட்டி பிரஷரைக் கூட்டிக் காட்டும், பெரிய பட்டி குறைத்துக் காட்டும். தலையில் மாட்டுகிற சார்ஜ் லைற் ஒன்றும் ஏழு நாள் மருந்துப் பெட்டி இரண்டும் கட்டாயம். சொக்லேற் அரைக்கிலோ போதும்.

சனி காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு மருந்துப் பையைப் பாயில் கொட்டுங்கள். கிளினிக்கில் கொடுத்த சின்னக் கடதாசி உறைகள், மை மங்கிப்போய், எது காலை எது இரவு என்று தெரியாமல் கிடக்கும். அதோடு போனமுறை நீங்கள் கொண்டுவந்த பெட்டிகளும் இருக்கும். வில்லங்கம் இங்கேதான். உறையில் ‘கிளிக்கிளசைட்’ என்றிருக்கும், உங்கள் பெட்டியில் ‘டயமிக்ரோன்’ என்றிருக்கும். இரண்டும் ஒரே சலரோக மருந்து. பெயர் வேறு என்பதால் இரண்டையும் போட்டுக்கொண்டால் சீனி இறங்கும், தலை சுற்றும், இரவில் கக்கூசுக்குப் போகையில் விழுவார்கள். கொம்பனிப் பெயரை விட்டு, பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் சொந்தப் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் நீங்களாக எதையும் நிற்பாட்ட வேண்டாம், டொக்டரிடம் தாளைக் காட்டுங்கள். அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்குகள் பெரும்பாலும் வார நாட்களில்தான். அந்த டொக்டரையே சந்திக்க விரும்பினால் வெள்ளியோ திங்களோ ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருந்தால், படுக்கையிலிருந்து அது வரைக்கும் இரவில் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தப் படியில் கால் தடக்குகிறது, எங்கே வெளிச்சம் இல்லை என்பது அப்போது தெரியும். கைபிடிக்க ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய், நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில். பக்கத்து வெல்டிங் கடைக்கு வெள்ளியே அளவு சொல்லிவிட்டால் சனி பின்னேரம் பூட்டலாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டின பழைய கல்வீட்டுச் சுவரில் றோல் பிளக் (திருகாணி பிடிக்கச் செருகுகிற துண்டு) நிற்காது, பாரம் விழுந்தவுடன் கழன்றுவரும். நிலத்தில் கொங்கிறீற் போட்டு நட்ட காலில் குழாயைப் பூட்டுவதுதான் பலம். கொங்கிறீற் இறுக நாலைந்து நாள் வேண்டும். அதுவரை அதில் சாயக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்பா இறைப்புத் தொடங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு முறையும் வாளி வாளியாகத் தண்ணி அள்ளி மெசினுக்குள் வார்க்கிறார் என்றால், கிணற்றுக்குள் இருக்கிற குழாயின் அடியில் புட்வால்வு போய்விட்டது. அதன் நாக்குத் தேய்ந்து, அல்லது சின்னக் கல் ஒன்று இடறி, மூடாமல் நிற்கும். இரவோடு இரவாகக் குழாய்த் தண்ணி கிணற்றுக்கே வடிந்துவிடும், காலையில் குழாய் நிறையக் காற்று. எழுபத்தைந்து வயதில் கிணற்றுக்கட்டில் குனிந்து அள்ளுவதுதான் ஆபத்து, இறைப்பு அல்ல. குழாய் இரண்டு அங்குலமா மூன்றா என்று அளந்து புதியதை வாங்கி, வழக்கமாக மெசின் திருத்துகிறவரைக் கொண்டே மாற்றுங்கள். தோட்டத்தை விடச் சொல்லிச் சண்டை பிடிப்பதிலும் இது மலிவு.

பிள்ளைகளுக்குத் தண்ணி மாறக் கொடுக்கலாம். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். பிந்தினால் வரம்பு உடையும், வெங்காயத்தில் தண்ணி தேங்கினால் அழுகும். அப்பப்பா இரண்டு தரம் காட்டித் தருவார். அதற்கு முதல் எப்போது மருந்து அடித்தது என்று கேளுங்கள். முந்தின நாள் அடித்திருந்தால் அந்தப் பக்கம் இறக்க வேண்டாம். காலில் மூடின சப்பாத்து, சிலிப்பர் அல்ல. மாரியில், கார்த்திகை மார்கழிச் சேற்றில், எலிக்காய்ச்சல் கால் காயத்தால் ஏறும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களே போயின. நீங்கள் திரும்பிப் போனபிறகும், சிலவேளை இரண்டு மூன்று கிழமை கழித்தும், காய்ச்சல் வரலாம். அங்கே டொக்டரிடம் “தோட்டத்துச் சேற்றில் நின்றேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இருட்டினால் லைற் இல்லாமல் வளவுக்குள் போகக்கூடாது, முத்திரைப் புடையன் பாம்பு உலாவுகிற நேரம். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், அசைக்காமல் 1990 அம்புலன்ஸ், காசில்லை. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணியில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி.

கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று. வலிகாமத்துச் சுண்ணக்கல்லுக்குள் உரத்தின் நைத்திரேற் இறங்கி, பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி நிற்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற் போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணிதான். அம்மா “நீ இந்தத் தண்ணி குடிச்சுத்தானே வளர்ந்தனி” என்பா. சிரித்துவிட்டுப் போத்தலையே திறவுங்கள்.

காணி உறுதிக் கதையை இந்த இரண்டு நாளில் நீங்களாக எடுக்க வேண்டாம்.

ஞாயிறு பின்னேரம் மிளகாய்த்தூள், ஒடியல், முருங்கைக்காய், ஒரு பிடி வெங்காயம் என்று பொதி ஏறும். தூளை இரண்டு பொலித்தீனில் கட்டி, உடுப்பில் படாமல் எட்டப் போடுங்கள். பச்சைக் காய்கறியைக் கொழும்பிலேயே சமைத்து முடியுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மிச்சச் சாப்பாட்டுச் சாமான் அத்தனையையும் வருகைப் படிவத்தில் அறிவித்தே ஆகவேண்டும், அம்மாவின் தூள் உட்பட.