‘வாக்அவே’ உடை: பைண்டிங்குக்கு முன் ஒரு நாள் தொங்கவிடுங்கள்

பட்டரிக் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டு ‘வாக்அவே’ உடை பேட்டர்னில் (துணி வெட்டும் மாதிரித்தாள்) முன்பாகம் குறுகல்; அது உடலைச் சுற்றிப் பின்னிடுப்பில் மாட்டிக்கொள்ளும். வட்டமாக விரியும் பின்பாகம் முன்னால் வந்து பட்டனில் முடியும். பார்க்க எளிது, ஆனால் பின்பாவாடையின் எடை உடையைப் பின்னால் இழுக்கும், முன்கழுத்து தொண்டையில் இடிக்கும். அதனால் மெல்லிய பருத்தியே நல்லது. முதலில் மேல்பகுதியை மட்டும் காடாத்துணியில் தைத்துப் போட்டுப் பாருங்கள். இடித்தால் முன்கழுத்தைக் கால் அங்குலம், கால் அங்குலமாக இறக்குங்கள். ஒரேயடியாக வெட்டினால் பிறகு ஒட்டவா முடியும்?

ஓரமெல்லாம் பைண்டிங்தான், அதாவது கிராஸ் பீஸ் எனும் சாய்வாக வெட்டிய துணிப்பட்டையால் ஓரத்தை மூடித் தைப்பது; மீட்டர் கணக்கில் போகும். டேப்பால் ஓரங்களை அளந்து, அரை மீட்டர் கூட்டி, ஒன்றரை அங்குல அகலத்தில் 45 டிகிரி சாய்வில் வெட்டுங்கள். கழுத்து வளைவில் பீஸை லேசாக இழுத்துத் தைத்தால் படிந்து நிற்கும். பாவாடை விளிம்பில் இழுக்கவே கூடாது, உள்ளே சுருண்டுவிடும்.

விளிம்பைத் தைக்குமுன் 24 மணி நேரம் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். வட்டத்தில் துணி இழை சாய்வாக (கிராஸாக) வரும் இடங்கள் மட்டும் இறங்கியிருக்கும். உடையைப் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சாக்பீஸால் குறியிட்டு, மிச்சத்தை வெட்டிவிட்டு பைண்டிங் தையுங்கள்.